மதகை உயர்த்தும் திருகு: காவிரி டெல்டாவின் நீரொழுங்கிகளை முன்வைத்து நேர்கோட்டு மின்னியக்கியின் வடிவமைப்பு, கட்டுப்பாடு, கற்பித்தல்

ஆய்வுச் சுருக்கம்

மோட்டாரின் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றித் தரும் கருவி நேர்கோட்டு மின்னியக்கி ஆகும். மருத்துவமனைக் கட்டில் முதல் சூரிய மின்தகட்டைத் திருப்பும் தாங்கி வரை இன்று இது பரவியுள்ளது. காவிரி டெல்டாவில் இதன் மிகப் பெரிய வடிவம் ஆற்றின் குறுக்கே நிற்கும் நீரொழுங்கியின் மேல்தளத்தில் உள்ளது. மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டும், அதைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டியும், அதனுடன் சேரும் மோட்டாருமே அது. இக்கட்டுரை மாதிரி மதகு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குரிய இயக்கியின் விசை, திருகு, மோட்டார், கட்டுப்பாடு ஆகியவற்றைக் கணக்கிட்டு விளக்குகிறது. மதகைத் திறக்கும் விசையைவிட மூடும் விசையும், மின்சாரம் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரமுமே இவ்வடிவமைப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதே வரிசையில் இப்பாடத்தைத் தமிழில் கற்பிப்பதற்கான சொல் தெளிவையும் பயிற்சி முறையையும் இறுதிப் பகுதி முன்வைக்கிறது.

முதன்மைச் சொற்கள்: நேர்கோட்டு மின்னியக்கி, திருகுத் தண்டு, மதகு, நீரொழுங்கி, தற்பூட்டு, காவிரி டெல்டா, அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நீர் நான்காகப் பிரிகிறது. அங்கிருந்து கடல் வரை ஆறு கிளையாகவும், கிளை வாய்க்காலாகவும், வாய்க்கால் மடையாகவும் பிரிந்துகொண்டே செல்கிறது. பிரியும் இடங்களில் ஒரு பலகை மேலும் கீழும் நகர்கிறது. அந்த நகர்வின் அளவே எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை முடிவுசெய்கிறது. ஆகவே டெல்டாவின் நீர் மேலாண்மை, அதன் அடிப்படையில், நேர்கோட்டு நகர்வைக் கட்டுப்படுத்தும் கலையே எனலாம்.

பொறியியல் பாடநூல்கள் நேர்கோட்டு இயக்கியைப் பெரும்பாலும் தொழிற்சாலை எந்திரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மாணவர் அந்த எந்திரங்களைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அவர் தினமும் கடந்துசெல்லும் பாலத்தின் ஓரத்தில், கிரீஸ் பூசிய திருகுத் தண்டுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பாடமாக்க முடியுமா, அப்படி ஆக்கும்போது பாடமே எவ்வாறு மாறுகிறது என்பவை இக்கட்டுரையின் வினாக்கள்.

2. டெல்டாவில் மதகு: சுருக்கமான வரலாறு

நிமிர்ந்த தண்டைத் தூக்கி நீரைத் திறக்கும் முறை தமிழகத்துக்குப் பழையது. ஏரிகளின் தூம்புகளில், நீர் புகும் துளையை அடைத்திருக்கும் அடைப்பானைத் தண்டால் மேலே இழுத்தால் நீர் பாயும், இறக்கினால் நிற்கும். தூம்பு, குமிழி, மதகு, மடை என்னும் சொற்கள் இத்தொழில்நுட்பத்தின் எச்சங்களாக இன்றும் வழக்கில் உள்ளன.

ஆற்றின் அளவுக்கு இம்முறை விரிந்தது பின்னாளில்தான். கரிகாலனோடு மரபு இணைத்துப் பேசும் கல்லணை, நீரைத் திருப்பும் நிலையான கல் அணையாகவே இருந்தது. 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் அமைத்தார். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தலைப்பு நீரொழுங்கிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. 1934இல் மேட்டூர் அணையும், அத்திட்டத்தின் பகுதியாகக் கல்லணைக் கால்வாயும் பயன்பாட்டுக்கு வந்த பின், நீரைத் தேக்கி முறைவைத்து விடும் முறை வலுப்பெற்றது. முறைவைத்து விடுவதற்கு அசையும் மதகுகள் தேவை. அவற்றை அசைக்கத் திருகு தேவை.

இன்று இத்திருகுகளில் பல கையால் சுழற்றப்படுகின்றன. பல மோட்டாருக்கு மாறியுள்ளன. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவி 2016இல் ஒப்புதல் பெற்ற வெண்ணாறு உபவடிநிலத் திட்டம், கடலோர வடிகால் ஆறுகளின் நீரொழுங்கிகளைப் புதுப்பிப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. கடைமடை நீரொழுங்கிகளுக்கு இரட்டைப் பொறுப்பு உண்டு. வெள்ளக் காலத்தில் நன்னீரை விரைந்து வெளியேற்ற வேண்டும். மற்றக் காலத்தில் கடல்நீர் உட்புகாமல் தடுக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே மாறும் வேகம் இயக்கியைப் பொறுத்தது.

3. திருகின் வேலை: வட்டம் நேர்கோடாதல்

நேர்கோட்டு மின்னியக்கியில் நான்கு உறுப்புகள் உண்டு. மோட்டார் சுழற்சியைத் தருகிறது. பற்சக்கரப் பெட்டி அதன் வேகத்தைக் குறைத்துத் திருப்பு விசையைக் கூட்டுகிறது. திருகும் மரையும் சேர்ந்து சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக்குகின்றன. நிலையை அறியும் உணரியும் லிமிட் சுவிட்சும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கின்றன. மதகில் பெரும்பாலும் மரை சுழல்கிறது; தண்டு சுழலாமல் ஏறி இறங்குகிறது. பலகை தண்டின் கீழ்முனையில் பிணைக்கப்பட்டுள்ளது.

திருகு என்பது உருளையில் சுற்றப்பட்ட சாய்தளமே. ஒரு சுற்றில் மரை எவ்வளவு நகர்கிறதோ அதைச் சுற்றேற்றம் எனலாம். 50 மி.மீ. வெளிவிட்டமும் 8 மி.மீ. சுற்றேற்றமும் உடைய சதுரப் புரித் திருகை எடுத்துக்கொள்வோம். அதன் சராசரி விட்டம் 46 மி.மீ.; ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 144.5 மி.மீ. எனவே சாய்தளத்தின் கோணம் ஏறத்தாழ 3.2 பாகை. கிரீஸ் பூசிய எஃகுத் தண்டுக்கும் வெண்கல மரைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.15 என்று கொண்டால், உராய்வுக் கோணம் ஏறத்தாழ 8.5 பாகை.

சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாக உள்ளது. ஆகவே தண்டின் மீது எவ்வளவு பாரம் இருந்தாலும் மரை தானாகச் சுழலாது. இப்பண்பைத் தற்பூட்டு என்று குறிக்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு. இத்திருகின் திறமை 27 விழுக்காடு மட்டுமே. கொடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு உராய்வில் வெப்பமாகிறது.

குண்டுத் திருகு இதற்கு நேர்மாறானது. புரிகளுக்கிடையே எஃகுக் குண்டுகள் உருள்வதால் அதன் திறமை 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். துல்லிய எந்திரங்களுக்கு அது சிறந்தது. ஆனால் பாரம் அழுத்தினால் அது பின்னோக்கிச் சுழலும். தடை தனியே வேண்டும். வண்டலும் தூசியும் குண்டுகளுக்கு ஆகா. மதகுக்குத் திறமை குறைந்த திருகே பொருத்தம். மோட்டார் மதகை உயர்த்துவது சில நிமிடங்கள்தான். அதைப் பல நாள்கள் அங்கேயே பிடித்து நிறுத்துவது, வீணாவதாக நாம் கருதும் அந்த உராய்வே.

4. ஒரு மதகின் கணக்கு

விளக்கத்துக்காக 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும், 800 கிலோ எடையும் உடைய சறுக்கு மதகு ஒன்றைக் கொள்வோம். ஒருபுறம் 2 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கிறது. மறுபுறம் நீர் இல்லை. இரண்டு திருகுத் தண்டுகள் அதைத் தாங்குகின்றன. இவை கணக்குக்காக எடுத்த எண்களேயன்றிக் குறிப்பிட்ட எந்த நீரொழுங்கியின் அளவும் அல்ல.

நீரின் அழுத்தம் ஆழத்தோடு சீராகக் கூடுவதால், மதகின் மீதான மொத்த விசை நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழத்தின் இருமடி, அகலம் ஆகியவற்றின் பெருக்கலில் பாதி. அது ஏறத்தாழ 58.9 கிலோநியூட்டன், அதாவது 6 டன் எடை பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதற்குச் சமம். இந்த விசை மதகை அதன் காடியோடு அழுத்துகிறது. சறுக்கும் பரப்பில் உராய்வுக் குணகம் 0.4 எனில், உராய்வு விசை 23.5 கிலோநியூட்டன். மதகின் எடை 7.8 கிலோநியூட்டன். இரண்டையும் கூட்டி, வண்டலுக்கும் அடைப்புப் பட்டைக்குமாக 20 விழுக்காடு சேர்த்தால், தூக்குவதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ 38 கிலோநியூட்டன்; ஒரு தண்டுக்கு 19. மதகு உயர உயர நீர் அழுத்தும் பரப்பு குறைவதால், இது தொடக்கத்தில் மட்டும் தேவைப்படும் மேல்வரம்பு.

ஒரு மரையைச் சுழற்றத் தேவையான திருப்பு விசை ஏறத்தாழ 90 நியூட்டன்-மீட்டர். மதகு நிமிடத்துக்கு 300 மி.மீ. உயர வேண்டுமானால், மரை நிமிடத்துக்கு 37.5 சுற்றுச் சுற்ற வேண்டும். இரு மரைகளுக்கும் சேர்த்து 710 வாட் திறன் வேண்டும். பற்சக்கரப் பெட்டியின் திறமை 60 விழுக்காடு எனில், மோட்டார் தர வேண்டியது ஏறத்தாழ 1,185 வாட். சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைத்திறன். வயலில் நீர் இறைக்கும் மோட்டாரைவிடச் சிறியதே போதும் என்பது மாணவருக்கு வியப்பைத் தரலாம். 2 மீட்டர் உயர்த்த 7 நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். 15 நிமிடக் குறுநேரப் பணிக்கென வகைப்படுத்தப்பட்ட மோட்டார் இதற்குப் போதும்.

கிரீஸ் உலர்ந்து மணல் படிந்த தண்டில் உராய்வுக் குணகம் 0.25 ஆகக் கூடினால் என்னாகும்? தேவையான திருப்பு விசை 90இலிருந்து 135 நியூட்டன்-மீட்டராகிறது. நாம் தேர்ந்த மோட்டார் முழுச் சுமையில் ஒரு மரைக்குத் தரக்கூடியது ஏறத்தாழ 115 மட்டுமே. மோட்டார் தன் முழுச் சுமையை மீறி இயங்கிச் சூடாகும். எனவே கிரீஸ் பராமரிப்புச் செலவாகக் கருதப்பட்டாலும், கணக்கின்படி அது வடிவமைப்பின் ஓர் உறுப்பே.

5. மூடும்போது எழும் சிக்கல்

மதகைத் தூக்குவதே கடினம், இறக்குவது எளிது என்பது பொதுவான எண்ணம். மேற்கண்ட எண்கள் அதை மறுக்கின்றன. மதகின் எடை 7.8 கிலோநியூட்டன், நீர் அழுத்தும்போது அதன் உராய்வு 23.5 கிலோநியூட்டன். உராய்வு எடையைப்போல் மூன்று மடங்கு. ஆகவே முழு அழுத்தத்தில் இம்மதகு தன் எடையால் கீழிறங்காது. ஏறத்தாழ 16 கிலோநியூட்டன் விசையால், தண்டுக்கு 8 வீதம், அதைக் கீழே தள்ள வேண்டும். கம்பிவடம் இழுக்கும், தள்ளாது. சிறு சறுக்கு மதகுகளில் வடத்தைவிடத் திருகு விரும்பப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் தள்ளப்படும் நீண்ட தண்டு பக்கவாட்டில் வளையக்கூடும். நம் திருகின் உள்விட்டம் 42 மி.மீ.; தாங்கலின்றி நிற்கும் நீளம் 2.5 மீட்டர். ஆய்லரின் சூத்திரப்படி அது வளையத் தொடங்கும் விசை ஏறத்தாழ 48 கிலோநியூட்டன். இயல்பான 8 கிலோநியூட்டனோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும்.

மதகின் அடியில் ஒரு கல்லோ மரக்கட்டையோ சிக்கியிருப்பதாகக் கொள்வோம். பலகை நின்றுவிடுகிறது, மோட்டார் நிற்பதில்லை. முழுச் சுமையில் அது ஒவ்வொரு தண்டையும் 24 கிலோநியூட்டன் விசையால் தள்ளும். தூண்டல் மோட்டார் திணறி நிற்பதற்கு முன், தன் முழுச் சுமைத் திருப்பு விசையைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தரும். அப்போது தண்டின் மீதான விசை 48 கிலோநியூட்டன் ஆகிறது. ஆறு மடங்கு பாதுகாப்பு ஒரு நொடியில் மறைந்துவிடுகிறது. கல் ஒரு பக்கமாகச் சிக்கினால், இரு தண்டுகளின் பங்கும் ஒரே தண்டின் மேல் விழும். கையால் சுழற்றும்போது இச்சிக்கல் எழுவது அரிது. சக்கரம் இறுகுவதைக் கை உணர்கிறது, மனிதர் நிறுத்திவிடுகிறார். மோட்டாரைப் பொருத்தும்போது நாம் உழைப்பை மட்டும் நீக்குவதில்லை, அந்த உணர்வையும் நீக்கிவிடுகிறோம்.

அதை ஈடுசெய்வதே திருப்புவிசை எல்லைச் சுவிட்ச். திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே எல்லையை வைப்பது பிழை. நம் எடுத்துக்காட்டில் திறக்க 90 நியூட்டன்-மீட்டர் தேவை. மூட ஏறத்தாழ 38 போதும். மூடும் எல்லையை 60இல் வைத்தால் தண்டின் மீதான விசை 13 கிலோநியூட்டனைத் தாண்டாது. வளையும் எல்லையில் அது கால்பங்கு. உலர்ந்த தண்டில் மூடவே 57 தேவைப்படுவதால், சுவிட்ச் அடிக்கடி துண்டிக்கத் தொடங்கும். அதைத் தொல்லை என்று எண்ணி எல்லையை உயர்த்திவிடும் நாளில்தான் தண்டு வளையும். சுவிட்ச் துண்டிப்பது கிரீஸ் கேட்கும் குரல் என்று கற்பிக்க வேண்டும்.

6. கட்டுப்பாடு: ஒரு சென்டிமீட்டரின் மதிப்பு

மதகின் அடியில் பாயும் நீரின் அளவு, திறப்பின் உயரத்தோடு நேர் விகிதத்திலும், நீர்மட்டத்தின் இருமடி மூலத்தோடும் மாறுகிறது. பாய்வுக் குணகம் 0.6 என்று கொண்டால், நம் மதகை 1 சென்டிமீட்டர் கூடுதலாகத் திறப்பதால் நொடிக்கு 113 லிட்டர், அதாவது ஏறத்தாழ 4 கன அடி நீர் கூடுகிறது. ஒரு நாளில் அது 9,700 கனமீட்டருக்கு மேல். 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு 48 ஏக்கரில் நீர் கட்ட அது போதும். கீழ்ப்புறத்திலும் நீர் நின்றால் இரு மட்டங்களின் வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட வேண்டும். அளவு குறையும், கோட்பாடு மாறாது. கடைமடை விவசாயியின் புகாருக்கும் தலைப்பு மதகின் ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

எனவே "இத்தனை நொடி மோட்டாரை ஓட்டு" என்னும் கட்டளை போதாது. மின்னழுத்தமும் சுமையும் மாறும்போது நேரத்தின் பொருளும் மாறும். சுற்றுகளை எண்ண வேண்டும். நம் திருகில் ஒரு சுற்று 8 மி.மீ. ஆகையால், சுற்றை எண்ணும் எளிய உணரியே தேவைக்கு மேல் துல்லியம் தரும். தேய்ந்த மரையில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்கும். திசை மாறும்போது தண்டு நகராமல் மரை மட்டும் சுழலும். எப்போதும் ஒரே திசையிலிருந்து இறுதி நிலைக்கு வருவது இதற்கு எளிய தீர்வு. பலகையைச் சற்றுக் கீழே இறக்கிப் பின் உயர்த்தி நிறுத்தினால் தளர்வின் பிழை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் நிற்கும்.

நீர்மட்டத்தை அளந்து தானே மதகைச் சரிசெய்யும் கட்டுப்பாட்டில் வேறொரு பொறி உள்ளது. 1.5 மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலில் அலை நொடிக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர் வேகத்தில் செல்லும். 10 கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றம் தெரியத் தொடங்கவே முக்கால் மணி நேரம் ஆகும். மட்டம் நிலைபெற அதைவிட நீண்ட நேரம் ஆகும். அங்கே மட்டம் குறைவு என்று கண்டு கட்டுப்படுத்தி நிமிடந்தோறும் மதகை உயர்த்தினால், நீர் போய்ச் சேரும்போது தேவைக்கு மேல் பாயும். பிறகு தேவைக்குக் கீழ் இறக்கும். மட்டம் ஊசலாடும், மோட்டாரும் மரையும் தேயும். சிறிய வேறுபாட்டைப் பொருட்படுத்தாத இடைவெளியும், ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் நீரின் பயண நேரத்துக்கேற்ற காத்திருப்பும் இங்குக் கட்டாயம். மதகைத் திறந்துவிட்டு வாய்க்கால் ஓரம் காத்திருந்து பார்த்து மீண்டும் திருத்தும் லஸ்கரின் பழக்கம், இக்கோட்பாட்டின் செயல்வடிவமே.

7. மின்சாரம் இல்லாத இரவு

டெல்டாவில் மதகுகள் மிக விரைவாகத் திறக்கப்பட வேண்டிய காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். மின்சாரம் மிகுதியாகத் தடைபடும் காலமும் அதுவே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. மோட்டார் மட்டுமே உள்ள மதகு அத்தகைய இரவில் பயன்படாது.

கையால் திறப்பது என்றால் என்ன என்பதையும் எண்ணில் காண வேண்டும். 38 கிலோநியூட்டன் பாரத்தை 2 மீட்டர் உயர்த்தும் வேலை, திருகின் திறமையையும் பற்சக்கரத்தின் திறமையையும் சேர்த்தால், ஏறத்தாழ 474 கிலோஜூல் ஆகிறது. ஒருவர் தொடர்ந்து தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். இருவர் சேர்ந்து சுழற்றினால் ஒரு மதகுக்கு ஏறத்தாழ 53 நிமிடம். பத்து மதகுகள் உள்ள நீரொழுங்கிக்கு, ஓய்வின்றி உழைத்தாலும் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். பாரம் இடையில் குறைவதால் உண்மையில் இது சற்றுக் குறையும். மழையும் இருளும் சேர்வதால் மீண்டும் கூடும். மோட்டாருக்கான நியாயமும், கைச்சக்கரத்தை நீக்கக்கூடாது என்பதற்கான நியாயமும் இந்த ஒரே கணக்கில் உள்ளன.

ஆகவே கைப்பிடியைச் செருகியதும் மோட்டாரின் மின்சுற்று தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். இல்லையெனில், சுழற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பினால் கைப்பிடி சுழற்றுபவரையே தாக்கும். கையால் நகர்த்தும்போதும் நிலை எண்ணி தொடர்ந்து எண்ண வேண்டும். மின்சாரமின்றியே படிக்கக்கூடிய அளவுகோல் தண்டின் அருகில் இருக்க வேண்டும்.

புயலுக்குப் பின் இன்னொரு ஆபத்து மறைந்துள்ளது. அறுந்த கம்பிகளை மீண்டும் இணைக்கும்போது மும்முனை மின்சாரத்தில் இரண்டு முனைகள் இடம் மாறினால், மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். "திற" என்னும் பொத்தானை அழுத்தினால் மதகு மூடும். மூடியதும் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச் மூடும் சுற்றில்தான் உள்ளது. இப்போது ஓடுவதோ திறக்கும் சுற்று. எனவே எந்த எல்லையும் மோட்டாரை நிறுத்தாது. முந்தைய பகுதியில் கண்டபடி தண்டு வளையும். திறக்கும் திருப்புவிசை எல்லை உயரத்தில் இருப்பதால் அதுவும் தாமதமாகவே உதவும். முனை வரிசையைச் சோதிக்கும் சிறிய ரிலே ஒன்று இதைத் தடுக்கும். அதன் விலை வளைந்த தண்டின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

இயக்கியின் எல்லையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. தாங்கி நிற்கும் கட்டுமானம் விழுந்தால் எந்த மோட்டாரும் எந்தத் திருகும் பயன்படாது. மின்மயமாக்கல் கட்டுமானப் பராமரிப்புக்கு மாற்று ஆகாது.

8. கற்பித்தல்: சொல்லும் வரிசையும்

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பலதொழில்நுட்பக் கல்லூரிகளிலும் விளக்கம் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கிறது. எனவே இப்பாடத்தின் சொற்களைத் தெளிவாக்குவது வகுப்பறைத் தேவை.

முதலில் ஆக்சுவேட்டர். இதற்குச் "செயலி" என்று எழுதினால் இன்றைய மாணவர் கைப்பேசிச் செயலியை எண்ணுவார். "இயக்கி" என்பது கணினியில் வேறொரு மென்பொருளைக் குறிக்கிறது. "நேர்கோட்டு மின்னியக்கி" என்று முழுமையாகச் சொல்லும்போது குழப்பம் நீங்குகிறது.

இரண்டாவது, ஆங்கிலத்தின் லீனியர் என்னும் ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது: நேர்கோட்டில் நகர்தல், உள்ளீட்டுக்கு விகித அளவில் விளைவு அமைதல். தமிழில் முதலாவதற்கு "நேர்கோட்டு", இரண்டாவதற்கு "நேரியல்" என இரு சொற்கள் கிடைக்கின்றன. மதகின் நகர்வு நேர்கோட்டு நகர்வு. ஆனால் நீர்மட்டத்துக்கும் பாய்வுக்கும் உள்ள உறவு நேரியல் அன்று. ஆங்கிலத்தில் தனியே விளக்க வேண்டிய இவ்வேறுபாடு தமிழில் சொல்லிலேயே விளங்கிவிடுகிறது.

மூன்றாவது, திருகும் மரையும் இடையே விடும் ஆட்டம். இதற்குப் "பின்னடைவு" என்னும் நேர்மொழிபெயர்ப்பு தோல்வியை நினைவூட்டும். "மரைத் தளர்வு" என்றால் பட்டறைத் தொழிலாளிக்கும் புரியும். "மரை கழன்றவன்" என்று பேச்சில் வழங்கும் மொழிக்கு மரை புதிய சொல் அன்று. மோட்டார், கிரீஸ், லிமிட் சுவிட்ச், ரிலே ஆகியவை டெல்டாவின் பேச்சில் வேரூன்றியவை. அவற்றை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

பாடத்தின் வரிசையும் மாற வேண்டும். வழக்கமான பாடம் மோட்டாரில் தொடங்கிக் கட்டுப்பாட்டில் முடிகிறது. பிழைகள் இறுதி அலகில் ஓரிரு பக்கமாகச் சுருங்குகின்றன. மதகை மையமாகக் கொண்டால் ஆறு படிகளில் அமைக்கலாம். முதலாவது, அருகிலுள்ள நீரொழுங்கியை உரிய அனுமதியுடன் பார்த்துச் சுற்றேற்றத்தையும் பற்சக்கர விகிதத்தையும் அளத்தல். இரண்டாவது, நீரழுத்தத்தையும் உராய்வையும் கணக்கிடுதல். மூன்றாவது, தூக்கும் விசைக்கு முன் தள்ளும் விசையைக் கண்டு தண்டின் விட்டத்தை முடிவுசெய்தல். நான்காவது, 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய இயக்கியை நீர்த்தொட்டியின் மாதிரி மதகோடு இணைத்து நிலைக் கட்டுப்பாடு செய்தல். ஐந்தாவது, ஆசிரியர் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்குதல்: மதகின் அடியில் கட்டை வைத்தல், கம்பிமுனைகளை மாற்றுதல், மின்சாரத்தை நிறுத்துதல். மாதிரி தாங்குமளவுக்கு மின்னோட்டத்தை முன்னதாகவே வரையறுப்பது இப்படிக்குத் தேவை. ஆறாவது, மதகை இயக்கும் பணியாளருக்காக ஒரு பக்க இயக்கக் குறிப்பைத் தமிழில் எழுதுதல்.

இறுதிப் படியை மொழிப் பயிற்சி என்று ஒதுக்கிவிடக் கூடாது. "முனை வரிசை சரிபார்க்கப்படும் வரை பொத்தானை அழுத்தற்க" என்னும் ஒரு வாக்கியத்தை ஐயமின்றி எழுத, மின்சுற்று முழுவதும் மாணவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கலைச்சொல் ஆய்வும் பொறியியல் ஆய்வும் சந்திக்கும் இடம் அது.

9. முடிவுரை

காவிரி டெல்டாவின் சறுக்கு மதகுக்கான நேர்கோட்டு மின்னியக்கியை இக்கட்டுரை கணக்கிட்டு விளக்கியது. அதன் வழி பெறப்பட்டவை வருமாறு: திருகின் குறைந்த திறமை மதகைப் பிடித்து நிறுத்தும் பண்பின் விலையாகும், தண்டின் வலிமையைத் திறப்பதைவிட மூடுவதே தீர்மானிக்கிறது, கைச்சக்கரம் மோட்டாருக்கு முந்தைய காலத்தின் எச்சமாக அல்லாமல் அதன் துணையாக நிற்க வேண்டும், டெல்டாவின் கட்டுப்பாட்டில் வேகத்தைவிடக் காத்திருப்பே திறன்.

பாரம் குறையும் விதம், வண்டலின் உராய்வு, கடைமடையின் உப்புநீரில் மரை தேயும் வேகம் ஆகியவற்றை நீரொழுங்கிகளில் நேரில் அளந்து இக்கணக்கைச் செம்மைப்படுத்துவது அடுத்த கட்ட ஆய்வாக அமையலாம். பொறியியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் நீர்வளத்துறையின் பணியாளர்களோடு இணைந்து அதைச் செய்யும்போது, பாடநூலின் சொல்லும் மதகின் மேல்தளத்தில் ஒலிக்கும் சொல்லும் ஒன்றாகும்.